அப்பாவின் மழை நோட்டு: மலேசியா சுங்கை சிப்புட்டில் ஐப்பசி மழையை யாராவது அளக்கிறீர்களா?

லிந்தாங்ரோட்டான் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் அம்மாவைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) இருந்து டவுன் வீட்டுக்கு அழைச்சிட்டு வந்தேன். சாமான் ஏத்தும்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள மூணு பள்ளிக்கூட நோட்டு கிடைச்சது. அப்பா எழுதினது. அவர் தோட்டத்து ஆபீஸ்ல பியூனா இருந்தவர். தினம் காலையில 8 மணிக்கு ஆபீஸ் முன்னால இருக்கிற மழைமானியைத் திறந்து, அளந்து, கிராணிகிட்ட (ஆபீஸ் கணக்குப்பிள்ளை) சொல்றது அவர் வேலை. கிராணி அதைப் பெரிய புத்தகத்துல எழுதுவார். அந்தப் பெரிய புத்தகம் இப்போ இல்லை. தோட்டம் கைமாறினப்ப பழைய காகிதத்தை எல்லாம் கொளுத்திட்டாங்களாம். அப்பா மட்டும் தனக்குன்னு ஒரு காப்பி எழுதி வச்சிருக்கார். எதுக்குன்னு அம்மாவுக்கும் தெரியல.

உள்ளே தேதி, ஒரு எண். சில நாள்ல எண்ணுக்குப் பக்கத்துல பொடியா "பெ"ன்னு ஒரு எழுத்து. 1974ல இருந்து 1981 வரைக்கும் இருக்கு, நடுவுல கரையான் தின்னது போக. எக்செல்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் எழுதாம விட்ட நாளுக்கு எல்லாம் 0 போட்டுட்டேன், சரிதானே? "பெ"ன்னா பெய்ததுன்னு நினைக்கிறேன். ஆனா எண் இருந்தாலே பெய்ததுதானே, அப்புறம் எதுக்கு அந்த எழுத்து?

நானும் ஒரு மழைமானி வச்சு அந்த நோட்டைத் தொடரலாம்னு ஆசை. ஐப்பசி பொறந்தாச்சு, மத்தியானம் ஆனா இடி. போன்ல வர்ற முன்னறிவிப்பைப் பார்த்தா ஏழு நாளைக்கும் ஒரே படம்: மேகம், அதுல ஒரு மின்னல். அதை வச்சு என்ன முடிவு பண்றது?

கனோபிக்காரன் | ஞாயிறு, இரவு 10.05

அண்ணே, நான் விசேஷத்துக்குக் கனோபிப் பந்தல் போடுறவன். அந்தப் படத்தை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. மழைன்னு போட்ட அன்னிக்குப் பக்கவாட்டுத் துணியோட எல்லாத்தையும் லோரியில ஏத்திக்கிட்டுப் போவேன், சொட்டுத் தண்ணி விழாது. வெயிலா இருக்கேன்னு துணி இல்லாம போன அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிரியாணிச் சட்டிக்குக் குடை பிடிச்சாங்க. எல்லாம் சும்மா.

ரேடார்பித்தன் | ஞாயிறு, இரவு 10.31

சும்மா இல்லை. படத்தைப் பார்க்காதீங்க, அதுக்குக் கீழே இருக்கிற வாசகத்தைப் படிங்க. மெட்மலேசியா (நம்ம வானிலைத் துறை) ஒரு நாளைக் காலை, பிற்பகல், இரவுன்னு மூணாப் பிரிச்சுச் சொல்றாங்க. இடிமழை "ஓரிரு இடங்களில்", "சில இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்"னு வித்தியாசப்படுத்தித்தான் எழுதுறாங்க. "ஓரிரு இடங்களில்"னா அந்தப் பகுதியில எங்கயோ ஒண்ணு ரெண்டு இடத்துல கொட்டும்னு எதிர்பார்க்கிறாங்க, உங்க தலையில கொட்டும்னு அர்த்தம் இல்லை. லிந்தாங்ல கொட்டி ஜாலோங்ல காஞ்சாலும் அந்த முன்னறிவிப்பு பலிச்சதுதான்.

அக்டோபர், நவம்பர் நமக்குப் பருவக்காற்று மாறுற இடைக்காலம். பெரிய காற்று எதுவும் பிடிச்சுத் தள்ளாது. காலை வெயில்ல தரை சூடாகும், ஈரக்காத்து மேலே எழும்பும், ரெண்டு மூணு மணிக்கு மலை ஓரமா இடிமேகம் திரண்டு, ஒரு மணி நேரம் ஊத்திட்டு ஓஞ்சிடும். ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். அது எந்தத் தாமான் (குடியிருப்பு) மேல கவிழும்னு ரெண்டு நாள் முன்னால எந்தக் கம்ப்யூட்டராலயும் சொல்ல முடியாது. கனோபி அண்ணே, உங்களுக்கு உதவுறது ஏழு நாள் படம் இல்லை, ரேடார் படம். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம் முன்னால தெரியும்.

கனோபிக்காரன் | ஞாயிறு, இரவு 10.36

ரெண்டு மணி நேரத்துல நான் கம்பி நடுவேனா, ரேடார் பார்ப்பேனா?

ரேடார்பித்தன் | ஞாயிறு, இரவு 10.38

அப்போ விருந்தைப் பகல் 11 மணியில இருந்து 2 மணிக்குள்ள வைக்கச் சொல்லுங்க. இந்த ரெண்டு மாசத்துக்கு அதை விட நல்ல முன்னறிவிப்பு என்கிட்ட இல்லை.

ஓய்வுக்கிராணி | திங்கள், காலை 6.15

தம்பி லிந்தாங்ரோட்டான் அவர்களுக்கு. நான் கோலாகங்சார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் நீங்கள் போட்ட சுழியங்களை எல்லாம் உடனே அழியுங்கள்.

மழை இல்லாத நாளுக்கு நாங்கள் ஒரு கோடு போடுவோம், அல்லது 0 எழுதுவோம். ஒன்றும் எழுதாத நாள் என்றால் அன்று யாரும் மழைமானியைப் பார்க்கவில்லை என்று பொருள். மழை இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு. இரண்டையும் கலந்தால் அந்த மாதக் கூட்டல் செத்தது.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. பல தோட்டங்களில் ஞாயிறு ஆபீஸ் பூட்டு. சனிக்கிழமை காலை முதல் திங்கள் காலை வரை பெய்தது அத்தனையும் திங்கட்கிழமைக் கணக்கில் ஏறியிருக்கும். உங்கள் நோட்டில் திங்கட்கிழமை எண் மட்டும் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், திங்கட்கிழமைதான் அதிகம் மழை பெய்யும் கிழமை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, அலகு. 1974 என்றால் அங்குலமாகத்தான் இருக்கும். 0.85 என்று இருந்தால் 21.6 மில்லிமீட்டர். எழுபதுகளின் பிற்பாதியில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மெட்ரிக்குக்கு மாறின. மாறிய நாளை யாரும் நோட்டில் குறித்திருக்க மாட்டார்கள். எண்களைப் பார்த்தாலே தெரியும்: ஒன்றுக்குக் கீழே, இரண்டுக்குக் கீழே என்று ஓடிக்கொண்டிருந்த எண்கள் திடீரென்று 14, 37 என்று எழும்பும்.

இன்னொன்று. காலை 8 மணிக்கு அளப்பது முந்தின நாள் 8 மணி முதல் பெய்த மழை. செவ்வாய் மாலை பெய்தது புதன்கிழமைத் தேதியில் இருக்கும். சில கிராணிகள் அதை முந்தின நாள் தேதியில் எழுதுவார்கள். உங்கள் அப்பா எந்த வழக்கம் என்று தெரியாமல் வேறு எதனுடனும் ஒப்பிட வேண்டாம்.

"பெ" பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. அம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு சொல்கிறேன்.

சந்தைக்கடைஅத்தை | திங்கள், காலை 10.20

என்னமோ பெரிசா பேசுறீங்க. எங்க பாட்டிக்கு எக்செல் எல்லாம் தெரியாது. எறும்பு முட்டை தூக்கிட்டுத் திட்டை ஏறினா மழை. தட்டான் தாழப் பறந்தா மழை. அந்தி ஈசல் பறந்தா அடைமழை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை. பஞ்சாங்கத்துல இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழைன்னு போட்டிருக்கு, அதையும் பாருங்க தம்பி.

மலைப்பாதைடீச்சர் | திங்கள், பிற்பகல் 3.10

அத்தை, எறும்பையும் தட்டானையும் விட்டுடறேன், காத்துல ஈரம் ஏறுறது அதுங்களுக்கு நம்மை விட முன்னாடி தெரியலாம். கர்ணன் பழமொழியை மட்டும் விட மாட்டேன். அது தமிழ்நாட்டுக்குச் சரி. அங்கே வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில முடிஞ்சு, மார்கழியில பனி விழ ஆரம்பிச்சிடும். கப்பல்ல வந்த நம்ம பாட்டன்மார் துணிமணியோட பழமொழியையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்துட்டாங்க. இந்த ஊர் மழைக்கு அது தெரியாது.

இந்த நாட்டோட பெரிய தண்ணியை எல்லாம் தேதி போட்டுப் பாருங்க. கோத்தா பாருவில் ஒரே நாளில் 608 மில்லிமீட்டர் கொட்டியது 1967 ஜனவரி 6. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்துல புயலே வராதுன்னு நினைச்சிருந்தப்ப வாமெய் சூறாவளி ஜொகூர்ல கரையேறியது 2001 டிசம்பர் 27. ஜொகூர் பெருவெள்ளம் 2006 டிசம்பர் மூணாவது வாரத்துல தொடங்கியது. கிளந்தான் மூழ்கியது 2014 டிசம்பர் கடைசி. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை மேல ஆள் நின்னது 2021 டிசம்பர் 18. அஞ்சும் மார்கழி! கர்ணன் இங்கே கார்த்திகைக்கு அப்புறம்தான் கையைத் திறக்கிறான்.

சந்தைக்கடைஅத்தை | திங்கள், பிற்பகல் 3.44

டீச்சர் சொல்றது எல்லாம் கிளந்தான், ஜொகூர். நம்ம சிப்புட்ல மார்கழியில அப்படியா பெய்யுது? கோலம் போட்டா காயுதே.

ரேடார்பித்தன் | திங்கள், மாலை 5.02

இதுல அத்தைக்குப் பாதி மார்க். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் ஈரத்தைச் சுமந்துக்கிட்டுக் கிழக்குக் கரையில மோதுது. நமக்கும் அதுக்கும் நடுவில தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே பிந்தாங் மலைத்தொடர். அந்தப் பக்கம் இருக்கிற தைப்பிங், தீபகற்பத்துலயே அதிகம் நனையிற ஊர்னு பேர் வாங்கினது. நாம ரெண்டு மலைக்கும் நடுவுல. அதனால மேற்குக் கரை உள்நாட்டு ஊர்களுக்கு வருஷத்துல ரெண்டு உச்சம்: ஏப்ரலை ஒட்டி ஒண்ணு, அக்டோபர் நவம்பர்ல பெரிய ஒண்ணு. அப்புறம் ஜனவரி, பிப்ரவரியில குறையும். ஐப்பசி அடைமழைங்கிற பழமொழி இங்கேயும் பலிக்குது, ஆனா காரணம் வேற. தமிழ்நாட்டுல வங்கக்கடல்ல இருந்து வர்ற மழை, இங்கே நம்ம தரையிலயே பொங்குற மழை.

பஞ்சாங்க மரக்கால் பத்தி நான் வாயைத் திறக்கல. வீட்ல அம்மா இருக்காங்க.

லிந்தாங்ரோட்டான் | செவ்வாய், இரவு 8.15

சுழியம் எல்லாம் அழிச்சாச்சு ஐயா. திங்கட்கிழமை விஷயம் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, சிரிப்பு வந்திருச்சு. 1978 நடுவுல எண்கள் ஒரே தாவா தாவுது, அதுதான் மெட்ரிக் போல.

இதுக்கிடையில என் மழைமானி தயார். ஒன்றரை லிட்டர் போத்தலை மேலே வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, வெளியில ஸ்கேல் ஒட்டி, ரம்புத்தான் மரத்துக்குப் பக்கத்துல வச்சேன். நேத்து சாயந்திர மழைக்கு 62 மி.மீ.! அப்பா நோட்டுல அவ்வளவு பெரிய நாள் ரொம்பக் கொஞ்சம்.

கனோபிக்காரன் | செவ்வாய், இரவு 8.22

நேத்து நான் உங்க தெருவுலதான் கம்பி கழட்டிக்கிட்டு இருந்தேன். 62ஆ? லொங்காங் (சாக்கடை) பாதி கூட நிறையலயேண்ணே.

ஓய்வுக்கிராணி | செவ்வாய், இரவு 9.00

கனோபித் தம்பியின் லொங்காங் கணக்கே சரி. போத்தலின் அடிப்பாகம் குழிந்து, மேடு பள்ளமாக இருக்கும். அதில் ஸ்கேல் ஒட்டினால் முதல் இரண்டு விரற்கடை பொய். அடியைக் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சமப்படுத்தி, அந்தக் கோட்டை 0 என்று வைக்கலாம். அதைவிட நல்லது, உயரத்தை அளப்பதை விட்டுக் கொள்ளளவை அளப்பது. புனலின் வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. உள்ளே சேர்ந்த தண்ணீரை மருந்துக்கடை அளவுக் குடுவையில் ஊற்றுங்கள். 314 மில்லிலிட்டர் இருந்தால் 10 மி.மீ. மழை. தோட்டத்து மழைமானி 8 அங்குல வாய் கொண்டது, அதற்கு 324. எங்களுக்குக் கண்ணாடிக் குழாயிலேயே கோடு போட்டுக் கொடுத்திருந்ததால் கணக்குப் போடும் வேலை இருக்கவில்லை.

ரம்புத்தான் மரம் பெரிய தவறு. இலையிலிருந்து வடிவது உள்ளே விழுந்தால் கூடும், கிளை மறைத்தால் குறையும். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஆபீஸ் ஓரமாக நட்ட மாங்கன்று பத்து வருடத்தில் மரமாகி விட்டது. அந்தப் பத்து வருடமும் எங்கள் புத்தகத்தில் மழை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. மேலேயிருந்து வந்த அதிகாரி, ஊரில் மழை குறைகிறது என்று எழுதிக்கொண்டு போனார். மரத்தை வெட்டிய வருடம் மழை திரும்பி வந்தது.

மலைப்பாதைடீச்சர் | செவ்வாய், இரவு 9.25

ஐயா, இதை என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டுமா?

ஓய்வுக்கிராணி | செவ்வாய், இரவு 9.31

தாராளமாக. மாங்காய் நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குலைலோரி | புதன், காலை 11.50

நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏத்துற லோரி ஓட்டுறவன். ஒரு சந்தேகம். இப்போ எல்லாமே செம்பனையாச்சே, இன்னும் ஏன் தோட்டத்துல மழை எழுதுறாங்க? பால்மர (ரப்பர்) காலத்துலயாவது காலையில மரம் நனைஞ்சா பால் வெட்டு இல்லைன்னு ஒரு நியாயம் இருந்துச்சு.

ஓய்வுக்கிராணி | புதன், நண்பகல் 12.40

உரத்துக்காக. கனமழை மாதத்தில் உரம் போட்டால் அத்தனையும் ஆற்றுக்குப் போய்விடும். பிறகு, வறட்சி பட்ட செம்பனை உடனே காட்டிக்கொள்ளாது. பெண்பூ குறைந்து, ஒன்றரை இரண்டு வருடம் கழித்துத்தான் குலை குறையும். அப்போது துரை வந்து ஏன் விளைச்சல் இல்லை என்று கேட்டால், பழைய மழைப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்ட வேண்டும்.

பால்மரத்துக்கு நீங்கள் சொன்னதேதான். ஆனால் அங்கே எத்தனை மில்லிமீட்டர் என்பது பெரிய விஷயம் இல்லை, எத்தனை மணிக்கு என்பதுதான். மாலை ஐந்துக்கு 50 மி.மீ. பெய்தாலும் விடியும்முன் பட்டை காய்ந்துவிட்டால் வெட்டலாம். காலை ஐந்துக்கு 3 மி.மீ. பெய்தால் போயிற்று: ஈரப் பட்டையில் உளி வைத்தால் பால் வெட்டிய கோட்டை விட்டு வழியும், பட்டையில் பூஞ்சை நோய் பிடிக்கும். வெட்டி முடித்தபின் ஒன்பது மணிக்கு வந்தால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) இருக்கும் பாலும் கழுவிக்கொண்டு போகும். எட்டு மணிக்கு எட்டு மணி அளக்கும் மழைமானிக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

தம்பி, அம்மாவிடம் கேட்டீர்களா?

லிந்தாங்ரோட்டான் | புதன், இரவு 10.10

கேட்டேன். நோட்டை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான் தேதி தேதியா வாசிச்சேன். "1976 நவம்பர் 9, 0.20, பெ. நவம்பர் 10, 1.45, ஒண்ணும் இல்லை. நவம்பர் 11, 0.15, பெ." அம்மா நிறுத்தச் சொன்னாங்க. "பெரட்டுக்கு முன்னாடிடா"ன்னாங்க.

பெரட்டுன்னா விடியக்காலம் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிறது. அதுக்கு ஆள் நிக்கும்போது மழை. மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) வானத்தைப் பார்த்துட்டு, கொஞ்சம் நேரம் காத்திருக்கச் சொல்லிட்டு, கடைசியில வெட்டு இல்லைன்னு அனுப்பிடுவாராம். வெட்டு இல்லைன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லை. சில நாள் புல்லு வெட்ட நாலு பேரை எடுப்பாங்க, மத்தவங்க காண்டாக் கம்போட (பால் வாளி தூக்குற கம்பு) வீட்டுக்கு. அம்மாவுக்கு ஒரு நிரை (பால் வெட்டுற மர வரிசை), எங்க அத்தைக்கு ஒரு நிரை. ரெண்டு பேர் சம்பளத்துலதான் கடைக் கணக்கு ஓடும். அப்பா "பெ" போட்ட நாளை எல்லாம் மாசக் கடைசியில எண்ணி, கடைக்காரர்கிட்ட இந்த மாசம் இத்தனை நாள் குறையும்னு முன்கூட்டியே சொல்லி வைப்பாராம். அம்மாவுக்கு இதெல்லாம் இப்பத்தான் ஞாபகம் வருது. 1.45 அங்குலம் கொட்டின அன்னிக்கு வீட்ல கஷ்டம் இல்லை, 0.15 பெய்த அன்னிக்குத்தான்.

நான் முதல் நாள் அந்த எழுத்துக்கு எக்செல்ல ஒரு நெடுவரிசை போடவே இல்லைங்க. எண்ணா இல்லாத வெறும் எழுத்து எதுக்குன்னு விட்டுட்டேன்.

ஓய்வுக்கிராணி | வியாழன், காலை 5.50

நான் ஊகித்ததும் அதுதான். ஆபீஸ் புத்தகத்தில் "குறிப்பு" என்று ஒரு நெடுவரிசை உண்டு. பெரும்பாலான கிராணிகள் அதை வெறுமையாக விட்டுவிடுவோம். நானும்.

ரேடார்பித்தன் | வியாழன், காலை 9.14

அண்ணே, அந்த எழுத்து எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியுதா? மத்தியான இடிமழையையும் விடியற்கால மழையையும் அது பிரிச்சுக் காட்டுது. ரெண்டும் வேற வேற இயந்திரம். மலாக்கா நீரிணையில இருந்து விடியறதுக்கு முன்னாடி வரிசையா வந்து மோதுற சுமாத்ரா காத்துமழை ஒண்ணு, பருவக்காற்று வலுக்கிறப்ப வானம் மூடி நாள் பூரா தூறுறது ஒண்ணு. இந்த ரெண்டும் "பெ"யில வரும், சூட்டுல பொங்குற மழை வராது. 24 மணி நேரக் கூட்டுத்தொகை எத்தனை வருஷம் இருந்தாலும் அதுல இருந்து இதை எடுக்க முடியாது. தயவுசெஞ்சு அந்தப் பக்கத்தை எல்லாம் போட்டோ பிடிச்சு ரெண்டு இடத்துல வச்சிடுங்க. கரையானுக்கு எக்செல் தெரியாது.

சந்தைக்கடைஅத்தை | வியாழன், காலை 9.40

தம்பி, உங்க அம்மா எந்த டிவிஷன்? நானும் அந்தப் பக்கம் நிரை பிடிச்சவதான். 76ல எனக்குப் பதினாறு வயசு.

லிந்தாங்ரோட்டான் | வியாழன், மதியம் 1.05

அத்தை, தனிச்செய்தி அனுப்பியிருக்கேன். அம்மா பேசணும்கிறாங்க.

கனோபிக்காரன் | வெள்ளி, இரவு 7.30

சனிக்கிழமை கல்யாண வீட்டுக்காரங்க பகல் சாப்பாட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. ரேடார் தம்பி, மழை வரலைன்னா என்னைத்தான் திட்டுவாங்க, வந்தா உங்களைத் திட்டுறேன்.

லிந்தாங்ரோட்டான் | ஞாயிறு, காலை 8.20

போத்தலைத் தூக்கிப் போட்டாச்சு. 20 செ.மீ. புனல், மருந்துக்கடைக் குடுவை. வீட்ல மரமும் கூரையும் நெருக்கம், அதனால கோயில் திடல்ல ஒரு கம்பம் நட அனுமதி வாங்கினேன். நாலு நெடுவரிசை: தேதி, மி.மீ., பெ, குறிப்பு. அளக்காத நாளுக்குக் கேள்விக்குறி.

ஒரே சங்கடம், "பெ" எழுதணும்னா அஞ்சு மணிக்கு எழுந்து பார்க்கணும். நான் எழுந்திரிக்கிறதில்லை. அம்மா எழுந்திடுறாங்க. நான் பல் விளக்கும்போதே "இன்னிக்குப் பெரட்டுக்கு முன்னாடி தூத்தல், ஆறு மணிக்கு விட்டுருச்சு"ன்னு சொல்லிடுறாங்க.

இன்னிக்கு: 157 மில்லிலிட்டர், அதாவது 5 மி.மீ. பெ. குறிப்பு: நேத்து பகல் காய்ஞ்சது, மழை விடியக்காலம் மட்டும், இடி இல்லை.

கனோபிக்காரன் | ஞாயிறு, காலை 8.41

சந்தைப் பக்கம் தரை காய்ஞ்சுதான் கிடக்கு. நேத்தும் சொட்டு இல்லை. மாப்பிள்ளை மாமன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

ஓய்வுக்கிராணி | ஞாயிறு, காலை 8.55

சந்தைப் பக்கத்துக்கு 0 என்று தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள் தம்பி. வெறுமையாக விட வேண்டாம்.